புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர்க் கசிவு: மருத்துவமும் உண்டு, மார்க்கத்தில் சலுகையும் உண்டு



நம் மஹல்லாவில் 60 வயதைத் தாண்டிய ஆண்களில் பலர் புராஸ்டேட் சுரப்பிக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் டியூபை எடுத்த பிறகு இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், ஸஜ்தாவிலிருந்து எழுந்தால் சிறுநீர் சொட்டும். வெளியே சொல்ல வெட்கம். கைலி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் முதலில் ஜமாஅத் தொழுகை நிற்கிறது. பிறகு ஜும்ஆ நிற்கிறது. அதன்பின் நிக்காஹ் வீடு, மையித் வீடு எதற்கும் போவதில்லை. கடைசியில், "என் உளூதான் நிற்பதில்லையே" என்று வீட்டில் தொழுவதையும் விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பற்றி வீட்டாரோடு பேசும்போதுதான் இது தெரியவருகிறது. நோயாளி தாமாக வாய் திறந்து சொல்வது மிகக் குறைவு.

இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஒன்று, இந்தக் கசிவுக்குப் படிப்படியான சிகிச்சைகள் உண்டு. "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டு, கசிவு இருக்கிறது என்பதற்காகத் தொழுகை ஒருவரை விட்டு நீங்குவதில்லை. அவர் தொழுவதற்கான வழியை மார்க்கம் முன்பே காட்டியிருக்கிறது.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்

அலி (ரலி) அவர்களுக்கு உளூ சம்பந்தமான ஓர் அந்தரங்கப் பிரச்சினை இருந்தது. நபி (ஸல்) அவர்களின் மருமகனாக இருந்ததால் நேரில் கேட்க அவர்களுக்கு வெட்கம். எனவே மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று அவர்கள் நேராகவே கேட்டார்கள். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற வழிகாட்டுதல் நம் அனைவருக்கும் கிடைத்தது அந்தக் கேள்வியால்தான். இரண்டு செய்திகளும் புகாரியில் உள்ளன.

ஆகவே நேரில் கேட்க முடிந்தவர் டாக்டரிடமும் ஹஜ்ரத்திடமும் நேரில் கேளுங்கள். முடியாதவர் மகனையோ மருமகனையோ நம்பிக்கையான ஒரு நண்பரையோ அனுப்பிக் கேளுங்கள். கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பையின் வாயில் தானாக இயங்கும் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அதற்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி. சுரப்பிக்கும் கீழே, நம் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாவது சுருக்குத் தசை. ஒரு தண்ணீர்க் குழாயில் இரண்டு வால்வுகள் இருப்பதைப் போல நினைத்துக்கொள்ளலாம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக அகற்றும்போது மேல் வால்வின் வேலை பெரும்பாலும் போய்விடுகிறது. பாரம் முழுவதும் கீழ் வால்வின்மேல் விழுகிறது. அந்தத் தசையும் அதற்குச் செல்லும் நரம்புகளும் ஆபரேஷனில் களைத்துப்போயிருப்பதால், டியூபை எடுத்த புதிதில் அநேகமாக எல்லோருக்குமே ஓரளவு கசியும். வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நல்ல முன்னேற்றம் தெரியும்.

வயதின் காரணமாக வீங்கிய சுரப்பியை உள்வழியாகச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் வேறு. டியுஆர்பி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள். லேசர் மூலமும் செய்கிறார்கள். இதற்குப் பிறகும் சில வாரங்கள் அவசரமும் கசிவும் இருக்கலாம். ஆனால் நிரந்தரமான கசிவு தங்குவது நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல

சிகிச்சைக்கு முன் எந்த வகை என்று தெரிய வேண்டும். நான்கு வகைகளை நம் வீட்டிலேயே ஓரளவு அடையாளம் காணலாம்.

முதலாவது, அழுத்தக் கசிவு. இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குதல், உட்கார்ந்து எழுதல் போன்ற நேரங்களில் வயிற்றின் அழுத்தம் கூடும்போது சொட்டும். படுத்திருக்கும்போது பெரும்பாலும் வராது. இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசுவது இதைத்தான்.

இரண்டாவது, அவசரக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வரும். பாத்ரூமுக்குப் போவதற்குள் நனைந்துவிடும். இது சிறுநீர்ப்பையின் கோளாறு. இதற்கு மாத்திரைகள் பலன் தரும். அழுத்தக் கசிவுக்கு அதே மாத்திரைகள் பலன் தராது.

மூன்றாவது, நிரம்பி வழிதல். சிறுநீர் சரியாக வெளியேறாமல் பை நிரம்பி, ஓயாமல் சொட்டும். அடிவயிறு புடைத்திருக்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆபரேஷன் செய்த இடத்தில் தழும்பு ஏற்பட்டுக் குழாய் சுருங்கியவர்களுக்கும் இது வரலாம். இது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. தாமதிக்கக் கூடாது.

நான்காவது, சிறுநீர் கழித்து எழுந்த பிறகு விழும் இரண்டொரு சொட்டு. இது நோயல்ல, குழாயின் வளைவில் தங்கியிருந்த மிச்சம். அவசரப்படாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்து, விதைப்பைக்குப் பின்னால் விரலால் மெல்ல அழுத்தி முன்னோக்கித் தடவினால் அந்த மிச்சம் வந்துவிடும். நாம் இஸ்திப்ரா என்று சொல்வதும் இதற்காகத்தான். அதைச் செய்துவிட்டு, சந்தேகத்தை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு தொழுகைக்கும் அரை மணி நேரம் பாத்ரூமில் நிற்பது வஸ்வாஸ். அதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம், சிறுநீர் அறவே வராமல் அடிவயிற்றில் வலி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் மருந்து: இடுப்புத் தசைப் பயிற்சி

கீழ் வால்வைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில்போல இருக்கின்றன. கை கால் தசைகளைப் போலவே பயிற்சியால் இவற்றையும் பலப்படுத்தலாம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் பெண்களுக்காக எழுதிய முறை இது. இன்று ஆண்களுக்கும் முதல் சிகிச்சையாக இதையே சொல்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே பழக ஆரம்பித்தால் இன்னும் நல்லது. டியூப் உள்ளே இருக்கும் நாட்களில் மட்டும் செய்யக் கூடாது.

செய்யும் விதம்: முதலில் கால்களை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறாமல் அடக்குவதைப் போலவும், ஆணுறுப்பை உள்ளே இழுப்பதைப் போலவும் தசையை இறுக்குங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர விடுங்கள். பழகப் பழக 10 விநாடிவரை கூட்டலாம். ஒரு தடவைக்கு 10 முறை. ஒரு நாளைக்கு குறைந்தது 3 தடவை. சில நாட்கள் கழித்து உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். மறந்துபோகிறது என்பவர்கள் தொழுகை முடித்து தஸ்பீஹ் ஓதி எழுந்த பிறகு என்று வைத்துக்கொண்டால் நேரம் தவறாது.

பலர் செய்யும் தவறுகள்: மூச்சைப் பிடிப்பது, வயிற்றை முக்குவது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவது. முக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். சிறுநீர் போகும்போதே பாதியில் நிறுத்திப் பார்ப்பதையும் தினசரிப் பயிற்சியாக்கக் கூடாது. சரியான தசைதான் இறுகுகிறதா என்று பிஸியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "பயிற்சி செய்தேன், பலனில்லை" என்பவர்களில் பலர் தவறான தசையை இறுக்கியவர்களே.

இதிலுள்ள முக்கியமான நுணுக்கம்: இருமுவதற்கு, எழுவதற்கு, குனிவதற்கு ஒரு விநாடி முன்பே தசையை இறுக்கிவிட வேண்டும். ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் அப்படியே. வெளியில் தெரியாத இறுக்கம் இது. பழகிவிட்டால் தொழுகையில் கசிவது பலருக்குக் கணிசமாகக் குறையும்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிடாதீர்கள்.

கூடவே சில பழக்கங்கள். கசிகிறது என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் கூடும், கிருமியும் வரும். சிறுநீரகம், இதயம் காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் தேவை. ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் அதைப் பிரித்துக் குடிக்கலாம். டீ, காபியைக் குறையுங்கள். மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் கசிவுக்குத் தூபம் போடுபவை. புகைப்பவர் விட்டுவிடுவதற்கு இது இன்னொரு காரணம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீர் அதிகமாகி, எந்தச் சிகிச்சையின் பலனும் தெரியாமல் போகும்.

இடைக்கால ஏற்பாடுகள்

குணமாகும்வரை வெளியே போய்வர உதவுபவை இவை. லேசான கசிவுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் பேட் போதும். பெரிய டயபர் தேவையில்லை. இரவில் நனையாதவர் இரவில் அணியவும் வேண்டாம். ஒரு டயபர் 40 ரூபாய் என்று வைத்தால்கூட, நாளைக்கு மூன்று என்றால் மாதம் 3,600 ரூபாய். பேன்ஷனில் வாழும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல. ஆகவே அளவறிந்து வாங்குங்கள். நனைந்ததை நெடுநேரம் வைத்திருந்தால் தோல் புண்ணாகும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

உறைபோல ஆணுறுப்பின்மேல் மாட்டி, காலில் கட்டிய பையில் சிறுநீரைச் சேர்க்கும் வெளிப்புறக் குழாயும் உண்டு. சென்னையிலிருந்து ஊருக்கு இரவுப் பேருந்தில் போவது போன்ற நீண்ட பயணங்களுக்கு இது உதவும். ஆணுறுப்பை வெளியிலிருந்து மெல்ல அழுத்தும் கிளிப் ஒன்றும் கிடைக்கிறது. ஒரு ஜும்ஆவுக்கோ ஒரு நிகழ்ச்சிக்கோ போய்வர அது போதும். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் தளர்த்த வேண்டும். தூங்கும்போது போடவே கூடாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் ஞாபக மறதி உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல. டாக்டர் அளவு பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அழுத்தக் கசிவை நிரந்தரமாகக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை. துலோக்செடின் என்ற மருந்தைச் சில டாக்டர்கள் சில மாதங்களுக்குத் தருவதுண்டு. குமட்டல், களைப்பு காரணமாகப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் "யூரின் அடங்க மாத்திரை" கேட்டு வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும். முதியவர்களுக்கு மறதியையும் தடுமாற்றத்தையும் தரும். ஒரே ஊசியில் குணம், ஸ்டெம் செல் சிகிச்சை என்று வரும் விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவை இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை.

எப்போது ஆபரேஷன்?

பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் 6 மாதத்தில் முன்னேற்றமே இல்லை என்றால் அடுத்த கட்டத்தைப் பற்றி யூராலஜி டாக்டரிடம் பேசத் தொடங்கலாம். ஓராண்டு கழித்தும் தொந்தரவு தரும் கசிவு இருந்தால், அது இனித் தானாகச் சரியாவது அரிது. நம்மவர்கள் பலர் ஐந்து, ஆறு ஆண்டுகள் காத்திருந்து பிறகு வருகிறார்கள். அவ்வளவு காலம் தேவையில்லை.

போவதற்கு முன் இரண்டு குறிப்புகளைத் தயார் செய்யுங்கள். மூன்று நாட்கள் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எப்போது கசிந்தது என்று எழுதுங்கள். ஒரு நாள் முழுவதும் பயன்படுத்திய பேட்களை மூடிய கவரில் சேர்த்து டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். உலர்ந்த பேட்களின் எடையைக் கழித்தால் வருவதுதான் கசிவின் அளவு. 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மில்லி. எந்த ஆபரேஷன் பொருந்தும் என்று முடிவு செய்ய இந்த எண் டாக்டருக்கு மிகவும் உதவும். அவர் சிறுநீர்ச் சோதனை, சிறுநீர் கழித்த பின் மீதம் பார்க்கும் ஸ்கேன், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை ஆகியவற்றைச் செய்வார். குழாயில் சுருக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

முக்கியமான ஆபரேஷன்கள் இரண்டு.

ஒன்று, ஸ்லிங் எனப்படும் தாங்கு பட்டை. விதைப்பைக்குப் பின்னால் சிறிதாகக் கீறி, வலைபோன்ற ஒரு பட்டையைச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் வைத்து அதைத் தூக்கிப் பிடிக்கச் செய்கிறார்கள். நோயாளி எதையும் இயக்க வேண்டியதில்லை. இயல்பாகச் சிறுநீர் கழிக்கலாம். லேசான, நடுத்தரக் கசிவுக்கு இது ஏற்றது. கடுமையான கசிவுக்குப் போதாது. ரேடியேஷன் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஆறு வாரம் குந்தி உட்காருவதும் பாரம் தூக்குவதும் கூடாது. அதுவரை வெஸ்டர்ன் டாய்லெட்டும், நாற்காலியில் தொழுகையும்தான். பட்டை இடம் பெயராமல் திசுக்களோடு ஒட்டிக்கொள்ள இந்தக் காலம் தேவை.

இரண்டு, செயற்கைச் சுருக்கு வால்வு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் 1970களின் தொடக்கத்தில் இதைப் பொருத்தத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஏஎம்எஸ் 800 என்ற வடிவம் 1980களில் வந்தது. மூன்று பாகங்கள்: சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வளையம், அடிவயிற்றில் ஒரு சிறு பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். எல்லாமே உடலுக்குள், வெளியில் எதுவும் தெரியாது. வளையத்தில் உள்ள திரவம் குழாயை மூடி வைத்திருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் பம்பைச் சில முறை அழுத்த வேண்டும். திரவம் பலூனுக்குப் போய் வளையம் திறக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே மூடிக்கொள்ளும்.

நடுத்தர, கடுமையான கசிவுக்கும் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கும் இதுவே நம்பகமானது. பொருத்திய பிறகு, பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரு பேட் போதும். சிலருக்கு அதுவும் தேவைப்படாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உண்டு. பொருத்தியவுடன் இயங்காது, புண் ஆற சுமார் ஆறு வாரம் கழித்தே டாக்டர் இயக்கி வைப்பார். பம்பை அழுத்த விரல்களில் பலமும், நினைவில் தெளிவும் வேண்டும். கிருமி தொற்றினால் முழுச் சாதனத்தையும் எடுக்க நேரிடும். இது ஒரு இயந்திரம் என்பதால் என்றென்றும் ஓடாது: 5 ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கும், 10 ஆண்டுகளில் பாதிப் பேருக்கும் மீண்டும் ஆபரேஷனோ மாற்றுச் சாதனமோ தேவைப்படுகிறது.

இது பொருத்தியவரின் வீட்டார் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: அவருக்கு எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் காரணத்துக்காக டியூப் போட்டாலும், அதற்கு முன் வால்வைத் திறந்த நிலையில் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். மூடிய வளையத்துக்குள் டியூபைத் தள்ளினால் சிறுநீர்க் குழாய் காயமாகி, சாதனத்தையே எடுக்க வேண்டி வரும். சாதன அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள்.

கசிவு நிற்கும்வரை தொழுவது எப்படி?

தொடர் இரத்தப்போக்கால் சிரமப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது, விடக் கூடாது என்றும் ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்து தொழ வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சிறுநீர் கசிபவரின் சட்டத்தையும் இமாம்கள் இந்த அடிப்படையிலிருந்தே எடுத்துள்ளார்கள்.

ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் வக்து முழுவதிலும் உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூடக் கசிவற்ற நேரம் கிடைக்காதவர் மஃதூர் ஆகிறார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒருமுறையேனும் கசிவு இருக்கும்வரை அந்த நிலை நீடிக்கும். வக்துக்கு ஒரு உளூ போதும். அந்த வக்து முடியும்வரை ஃபர்ளு, சுன்னத், களா எதையும் தொழலாம். அந்தக் கசிவால் உளூ முறியாது. வேறு காரணங்களால் முறியும்.

ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்த பிறகு சுத்தம் செய்து, புதிய பேட் வைத்து, உளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஒரு உளூவுக்கு ஒரு ஃபர்ளு. அதனுடன் நஃபில்கள் தொழலாம். அடுத்த ஃபர்ளுக்கு மீண்டும் அதே வரிசை.

அழுத்தக் கசிவுக்காரர்களுக்கு ஒரு நுணுக்கம். நின்று தொழுதால் கசிகிறது, உட்கார்ந்து தொழுதால் கசிவதில்லை என்றால், உட்கார்ந்தே தொழ வேண்டும் என்று இரு மத்ஹபுகளின் நூல்களிலும் உள்ளது. ஸஜ்தாவில் மட்டும் கசிபவருக்கும் சைகையால் தொழும் சட்டம் பேசப்படுகிறது. காலையில் கசிவே இல்லாதவருக்கு ஃபஜ்ரில் சாதாரணச் சட்டம்தான். ஆகவே உங்கள் நிலை எது என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் விவரமாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இமாமாக நிற்பது, இஹ்ராமில் டயபர் அணிவது, தவாஃபின் உளூ ஆகியவற்றையும் உம்ராவுக்குக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பள்ளிவாசல் அசுத்தமாகாது என்ற உறுதி இருந்தால், பேட் அணிந்தவர் பள்ளிக்கு வரலாம். வரத் தடையில்லை.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியினர் மின்சார ரயிலில் போகக்கூடிய தூரத்திலேயே யூராலஜி பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை ஒன்று. சென்ட்ரல் எதிரே, பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மற்றொன்று. டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், மேலே சொன்ன குறிப்புகள், மாற்று உடை ஒன்று, இரண்டு பேட் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, இடுப்புத் தசைப் பயிற்சி கற்றுத்தரும்படி கேளுங்கள். பொதுவான விவரங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். செயற்கை வால்வுக்குச் சாதனத்தின் விலையே சில லட்சங்கள் ஆகும். எனவே தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டுவதற்கு முன், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்பவரா, ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்று கேட்பதில் தவறில்லை.

ஸகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிகளின் மனுக்களை டிரஸ்ட் வழக்கம்போலப் பெற்றுக்கொள்ளும். மனுவில் நோயின் பெயரை விவரமாக எழுத வேண்டியதில்லை. "யூராலஜி சிகிச்சை" என்று எழுதி டாக்டர் சீட்டை மூடிய உறையில் வைத்துக் கொடுத்தால் போதும்.

குடும்பத்தாருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும்

அத்தாவோ வாப்பாவோ திடீரென்று வெளியே போவதை நிறுத்தினால், கைலியை அடிக்கடி மாற்றினால், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் தனியாக அழைத்துக் கேளுங்கள். பேரப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். "நாற்றம் வருகிறது" என்ற ஒரு சொல் அவரை அறைக்குள்ளேயே முடக்கிவிடும். பேட் வாங்கி வந்து பீரோவில் வைத்துவிடுங்கள், அவரே எடுத்துக்கொள்வார்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு சிறிய வேண்டுகோள். ஆண்கள் கழிப்பிடத்தில் மூடியுள்ள ஒரு குப்பைக்கூடையும், பழைய செய்தித்தாளும் கவரும், கதவின் உட்புறம் ஒரு கொக்கியும் வைத்துக் கொடுங்கள். நனைந்த பேடை எங்கே போடுவது என்று தெரியாததாலேயே பள்ளிக்கு வராத பெரியவர்கள் இருக்கிறார்கள். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. பேடை டாய்லெட்டுக்குள் போடக் கூடாது. தாளில் சுற்றி, தனியாகக் கட்டி, துப்புரவுப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டிலும் இதே முறைதான். கடைசி ஸஃப்பின் ஓரத்தில், கழிப்பிடத்துக்குப் பக்கமாக, நான்கைந்து நாற்காலிகளை இப்படிப்பட்டவர்களுக்காக ஒதுக்கி வையுங்கள். அதில் உட்காருபவரிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை நாடுவது தவக்குலுக்கு மாறானதல்ல. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெரியவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்து, தலை நிமிர்ந்து பள்ளிக்கு வந்து போகும் நஸீபைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்